இரண்டாவது நேயர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே அதிகம் பேருடைய பெயரைச் சத்தம் போட்டு வாசித்த மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், ஓட்டுச்சாவடி அதிகாரி, ரேஷன் கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாரையும் ஓரமாக உட்கார வைத்துவிட்டு எங்கள் ‘விருப்பம்’ முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். நாளொன்றுக்கு நாற்பது பெயர். ஞாயிற்றுக்கிழமை ஐம்பது. குழந்தை குட்டிகள் தனி.

விருப்பம் என்பது ஊர் வைத்த பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் ஆதார் அட்டையில் இருந்திருக்கும்; நான் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஓர் அச்சகத்தில் நான் நாலு வருஷம் டி.டி.பி. அடித்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே புரூஃப் பார்ப்பவர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி என்று மனிதனுக்கு நடக்கிற நல்லது கெட்டது அத்தனையும் அவருடைய சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். ஆயிரக்கணக்கில் கல்யாணப் பத்திரிகை திருத்திய மனுஷன், ஒரு பத்திரிகையிலும் மாப்பிள்ளையாகவோ, தாய்மாமனாகவோ, நல்வரவை விரும்பும் பட்டியலின் கடைசி ஆளாகவோ வந்ததில்லை. கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டால், “இருக்காங்க இருக்காங்க” என்பார். எங்கே என்று சொல்ல மாட்டார். அச்சகத்து மொட்டைமாடியில் தகர ஷீட் போட்ட ஓர் அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்.

அந்த அறையிலிருந்துதான் தினமும் மதியம் இரண்டு மணிக்கு ஒரு வானொலி ஒலிபரப்பானது. சிரிக்காதீர்கள், உண்மை. ஒரு லேப்டாப், மைக் செட்காரர் வேண்டாமென்று கொடுத்த ஒரு மைக், எதிரொலி வராமலிருக்க நாலு சுவரிலும் ஆணியடித்து மாட்டிய கோணிப்பை. பெயர் ‘மலையடிவாரம் இணைய வானொலி’. கையில் செல்லும் நெட்டும் இருக்கிற யார் வேண்டுமானாலும் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம். யாரும் கேட்கவில்லை என்பதுதான் சங்கடம்.

பழைய சினிமாப் பாட்டு மட்டும்தான். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் தாராளமாக உள்ளே வரலாம். கலர்ப் படம் என்றால் ஒரு வாரம் யோசிப்பார்.

“ஏண்ணா, கலர்ல வந்ததுனால பாட்டுக்கு இன்னாண்ணா கொறைச்சலு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கலரு வந்ததும் ஜனங்க பாக்க ஆரம்பிச்சுட்டாங்கம்மா. கேக்கறதை வுட்டுட்டாங்க.”

எனக்கு அந்தப் பாட்டெல்லாம் ஆகவே ஆகாது. ஒருவர் ‘ஆ’ என்று ஆரம்பித்தால் நான் ஒரு பத்திரிகை முழுக்க அடித்து முடித்துவிடுவேன். அவர் இன்னும் ‘ஆ’விலேயே இருப்பார். தப்பிக்கவும் வழியில்லை. கீழே கடைக்கும் ஒரு ஸ்பீக்கர் இழுத்து விட்டிருந்தார்.

அவருடைய சட்டதிட்டங்கள் தனி. பாட்டுக்கு முன்னால் வருகிற வாத்தியத்தில் ஒரு நொடியை வெட்டினாலும் அது கொலைக் குற்றம். இடையில் வயலின் வாசிக்கும்போது அறைக்குள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை ஒரு கல்யாண மாப்பிள்ளை, பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாக வந்திருக்கிறது என்று மூச்சிரைக்க மாடிக்கு ஓடிவந்தார். இவர் உதட்டில் விரலை வைத்து அவரை நிற்க வைத்துவிட்டார். வயலின் முடிந்து, புல்லாங்குழல் முடிந்து, சரணம் முடிந்து, பாட்டே முடிந்த பிறகு, “இப்ப சொல்லுப்பா” என்றார். மாப்பிள்ளைக்குச் சரியான நேரமே மறந்துபோய், பெண் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியதாயிற்று.

இனி அந்தப் பெயர்ப் பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். ரேடியோவில் நேயர் விருப்பம் என்றால் பாட்டை விரும்பிக் கேட்டவர்களின் ஊரையும் பேரையும் வாசிக்க வேண்டும். அது நம் நாட்டுச் சம்பிரதாயம். ஈ காக்கா கேட்காத வானொலிக்குப் பெயருக்கு எங்கே போவது? அச்சகத்தில் புரூஃப் தாள்களை இரண்டு கம்பிகளில் குத்தி வைத்திருப்போம். இடது கம்பியில் சுபகாரியம். வலது கம்பியில் கருமாதி. இவர் இடது கம்பியிலிருந்து நாலு தாளை உருவிக்கொண்டு, சாமி பெயரும் தேதியும் இருக்கிற மேல்பாதியை மடித்துவிட்டு, கீழே இருக்கிற பெயர்களை வரிசையாக வாசிப்பார். பெரியப்பா, சித்தி, அத்தை, மாமன் மகன் எல்லாரும் அன்றைக்கு மலையடிவாரத்தின் நேயர்கள்.

“களமருதூரிலிருந்து சுப்பராயன், காத்தவராயன், செல்வி மலர்க்கொடி, மற்றும் ருத்ரேஷ்...”

“ண்ணா, அந்த ருத்ரேஷுக்கு ரெண்டு வயசுண்ணா. பத்திரிகை அடிச்சதே நான்தான்.”

“நல்ல ரசனைம்மா அந்தப் பையனுக்கு.”

ஊருக்கேற்ற பாட்டும் வைத்திருந்தார். கச்சிராயபாளையத்துக்காரர்கள் என்றால் படகுப் பாட்டு, அணை பக்கத்தில் இருப்பதால். தியாகதுருகத்துக்கு வீரப் பாட்டு, அங்கே கோட்டை இருப்பதால். கல்வராயன் மலைக்காரர்களுக்கு டூயட். காதலர்கள் மலையில்தான் ஓடுவார்கள் என்பது அவர் முடிவு.

“இப்படி டெய்லி புளுகறீங்களே, மனசு உறுத்தாதாண்ணா?”

“யாருமே கேக்கலன்னு தெரிஞ்சா, தப்பித் தவறி வர்ற ஒரு ஆளும் பூடுவாம்மா. நீ கூட்டமா இருக்கற ஓட்டல்ல பூந்து சாப்புடுவியா, காலியா இருக்கறதுலயா?”

நான் கூட்டமாக இருக்கிற ஓட்டலில்தான் சாப்பிடுவேன்.

லேப்டாப் திரையின் ஓரத்தில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று ஓர் எண் காட்டும். எப்போதும் ஒன்று. அது அவரேதான். சரியாகப் போகிறதா என்று தன் செல்லில் தானே கேட்டுக்கொண்டிருப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம் ஒருநாள் தடதடவென்று படியிறங்கி ஓடிவந்தார். “ரெண்டும்மா! ரெண்டு!” முதலாளி யாருக்கோ இரட்டைக் குழந்தை பிறந்துவிட்டது என்று நினைத்து, கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாளும் இரண்டு. அதற்கு மறுநாளும் இரண்டு. அதோடு சரி, மூன்றாகவே இல்லை. அந்த இரண்டாவது ஆள் யார், ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. விருப்பம் ‘அவங்க’ என்றுதான் சொல்வார். காய்ச்சலில் உடம்பு அனலாகக் கொதிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாருங்கள் என்று நானும் முதலாளியும் கெஞ்சினால், “ரெண்டு மணிக்கு அவங்க வந்து பாத்துட்டு ஏமாந்துடுவாங்களே” என்று போர்வையைப் போர்த்திக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அந்த ஒருவருக்காக அவர் தினமும் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தினார் என்றால் நம்புவீர்களா? நான் பார்த்தேன்.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. புரட்டாசி பிறந்த சமயம் ஒருநாள் எண் ஒன்றிலேயே நின்றுவிட்டது. நெட்டு சரியில்லை என்றார். மறுநாளும் ஒன்று. ஊருக்குப் போயிருப்பாங்க என்றார். ஒரு வாரமாயிற்று. மனுஷன் சாப்பாட்டில் கையை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு திடீரென்று துப்பறிய ஆரம்பித்துவிட்டார். “மழை பேஞ்ச அன்னிக்கெல்லாம் ரெண்டு ஒண்ணாயிடும், கவனிச்சிருக்கியா? மழை பேஞ்சா மலையிலதான் டவரு பூடும். அவங்க மலைக்காரங்க. கூட வாம்மா, பொம்பளையாளு இருந்தாத்தான் நின்னு பேசுவாங்க.”

வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். ஒவ்வொரு வளைவுக்கும் நான் முன்சீட்டுக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வாயாலேயே சிதார் வாசித்துக்கொண்டு வந்தார். இறங்கியதும் டீக்கடை, மளிகைக்கடை, ரோட்டில் போகிற வருகிற ஆள் ஒருவரையும் விடவில்லை. “ரெண்டு மணிக்கு ரேடியோ கேப்பீங்களா?” கடைசியில் பாறைமேல் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு விவசாயி நின்று பதில் சொன்னார்.

“செல்லுல பாட்டு கேக்கணும்னா நெட்டு வேணுங்க. நெட்டு வேணும்னா அதோ, அந்தக் கரட்டு மேல ஏறணும். அங்க ஏறி உக்காந்துக்கினு பாட்டு கேட்டா, இங்க சாமையை மாடு தின்னுட்டுப் போயிடும். அம்மாந்தூரம் வந்துட்டீங்க, நீங்களே பாடுங்க. கேக்கறேன்.”

இவர் பாடினார். முன்னால் வருகிற வாத்தியத்திலிருந்து தொடங்கி, நடுவில் வருகிற வயலினையும் வாயாலேயே வாசித்து, மூன்று சரணமும் முழுசாகப் பாடினார். அந்த மனிதர் கையில் முறத்தோடு கடைசிவரை நின்று கேட்டார்.

“நல்லா இருக்குங்க. இது எப்ப வந்த பாட்டு?”

“அறுபது வருசம் இருக்கும்.”

“அப்பிடியா! எங்க மலைக்கு எல்லாமே கொஞ்சம் லேட்டாதாங்க வரும்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது கச்சிராயபாளையம் தாண்டியதும் கேட்டார்: “நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்? பாட்டு பழசாயிடுச்சோ?” வேறு நாளாக இருந்தால் ஒரு மாதத்துக்கு வைத்து ஓட்டியிருப்பேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக் கரும்பு வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அச்சகத்தைக் கழுவித் துடைத்து, மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, எல்லாவற்றையும் பழையபடி எடுத்து வைத்தோம். கம்பிகளை மட்டும் முதலாளி மாற்றி மாட்டிவிட்டார். வலது இடதாகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மதியம் ஸ்பீக்கரில் விருப்பத்தின் குரல் கேட்டது. “அடுத்த பாடலை விரும்பிக் கேட்டவர், களமருதூர் பெரியதனம் வீராசாமி...” வீராசாமிக்கு மாலை போட்ட போட்டோவோடு கருமாதிப் பத்திரிகை அடித்ததே நான். ஐயோ, செத்தவர் பாட்டு கேட்கிறார்!

மாடிக்கு ஓடினேன். மைக் உயிரோடு இருந்ததால் விரலை உதட்டில் வைத்தார். நான் கண்ணை மூடி, நாக்கைத் தொங்கப்போட்டு, கையைக் கட்டிக்கொண்டு பிணம் மாதிரி நின்று காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, கூஜாவிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடிக்கச் சொல்லி சைகை காட்டினார். மறுபடி நடித்தேன். அப்போதுதான் திரையின் ஓரத்தில் எண் மாறியது. இரண்டு.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நானும் அந்தச் சந்தோஷத்தில்தான் ஆடுகிறேன் என்று நினைத்துவிட்டார். அடுத்த தாளை எடுத்தார். “தியாகதுருகம் பக்கத்திலிருந்து ஏழுமலை, அஞ்சலை, திருப்பூரிலிருந்து முருகேசன்...” என்று வாசித்துவிட்டு, கோட்டைக்காரர்களுக்கான வீரப் பாட்டைப் போட்டார். அதன் பிறகுதான் என்னால் வாயைத் திறக்க முடிந்தது. மடித்து வைத்திருந்த மேல்பாதியைப் பிரித்துப் பார்த்தவர், பாட்டு முடிந்ததையும் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“சொந்தக்காரங்க ஆள் கட்டிக்கினு வருவாங்க. நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடு” என்று முதலாளி இரண்டு நாள் ஷட்டரைப் பாதி இறக்கியே வைத்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் ஓர் அம்மா தனியாக வந்து, ஷட்டருக்குக் கீழே குனிந்து கேட்டார். “பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால அச்சகம்னு வெலாசம் சொல்வாங்களே, அந்த ரேடியோக்காரரு யாருங்க?”

விருப்பம் மாடியிலிருந்து தூக்குமேடைக்கு வருகிறவர் போல இறங்கி வந்தார்.

“எங்க வூட்டுக்காரரு பேரை ரேடியோல சொன்னது நீங்கதானுங்களா? ஏழுமலைன்னு?”

“ஆமாம்மா. பெரிய தப்பு...”

“அவரு கொல்லைக் காவலுக்குப் போறவருங்க. மக்காச்சோளம், மல்லாட்டை, எது போட்டாலும் பன்னி வராம பாத்துக்கினு தனியா குந்தினு இருப்பாரு. புரட்டாசி மொதல்ல, நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவரு, அப்படியே போயிட்டாரு.” அந்த அம்மா முந்தானையிலிருந்து ஒரு செல்லை அவிழ்த்து எடுத்தார். இவர்தான் அந்த அஞ்சலை என்று எனக்கு அப்போது புரிந்தது. “ரெண்டு மணி ஆச்சுன்னா இது கத்தும். உடனே உங்க ரேடியோவைப் போட்டுக்குவாரு. மூணு வருசமா, மழை பேஞ்சா மட்டும்தான் வுடுவாரு. காரியமெல்லாம் முடிஞ்சு அன்னிக்குத்தான் சார்ஜு போட்டேன். கத்துச்சு. எங்கயோ அமுக்குனேன். நீங்க அவரு பேரைச் சொல்றீங்க.”

விருப்பம் பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். மலையெல்லாம் தேடிய ‘அவங்க’ யார் என்று தெரிந்துவிட்டது.

“அந்த லெட்டரைக் குடுத்தீங்கன்னா போயிடுவேன்” என்றார் அஞ்சலை.

“எந்த லெட்டரும்மா?”

“பாட்டு கேட்டு அவரு எழுதிப் போட்டாரே, அது. எத்தினி தபா சொல்லியிருப்பேன், நீயும் எழுதிப் போடுய்யான்னு! ‘அடப் போடி, டெய்லி நாப்பது அம்பது பேரு கேக்கறாங்க, குடும்பம் குடும்பமா கேக்கறாங்க. அவங்கல்லாம் முடியட்டும், நம்ம முறை வரும்’னே சொல்லிக்கினு இருந்தாரு. கடைசியில எனக்குத் தெரியாம எழுதியிருக்காரு, பாருங்களேன். அவரு கையெழுத்து வூட்டுல ஒண்ணு கூட இல்லீங்க.”

நான் விருப்பத்தைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அஞ்சே நிமிஷம் கொடுத்தால் ஒரு தாளில் கோணல்மாணலாக நானே எழுதிக் கொண்டுவந்து நீட்டிவிடுவேன்; அந்த அம்மா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விடும். தினமும் நாற்பது பொய் சொன்னவருக்கு நாற்பத்தொன்று பெரிய விஷயமா? அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“லெட்டரு இல்லம்மா” என்றார். “யாருமே எழுதினதில்ல. அந்தப் பேரெல்லாம் கல்யாணப் பத்திரிகையைப் பாத்து நானா படிக்கிறது. உங்க வூட்டுக்காரரு பேரும் காரியப் பத்திரிகையைத் தெரியாம எடுத்துப் படிச்சதுதான்.”

“அப்போ அந்த நாப்பது பேரு?”

“இல்லம்மா.”

“ஒருத்தர் கூடவா?”

“கேட்டுக்கினு இருந்தது அவரு ஒருத்தருதாம்மா. அவரு ஒருத்தருக்குத்தான் நான் பாட்டு போட்டுக்கினு இருந்தேன்.”

அஞ்சலை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணில் தண்ணீர் கொட்டியது. “அடப் பாவி மனுசா! மூணு வருசம் முறை வரும் முறை வரும்னு நின்னியே! உனக்கு முன்னாடி ஒரு ஆளு இல்லியேய்யா!”

விருப்பம் கை இரண்டையும் கூப்பிக்கொண்டு தேம்பினார். நான் மானிட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். முதலாளி ஷட்டரை முழுசாக ஏற்றிவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார்.

விருப்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “அவரு இன்னா பாட்டும்மா கேக்கணும்னு இருந்தாரு?”

“எங்க கண்ணாலத்துல மைக் செட்டுல போட்டது. வார்த்தை தெரியாதுங்க.” அஞ்சலை இரண்டு வரி முனகினார்.

“இதையா? இதைப் புதன்கிழமை புதன்கிழமை போடுவேனேம்மா!”

“தெரியும். ‘பாருடி, யாரோ நமக்கு மின்னாடி கேட்டுட்டாங்க, நல்ல மனசு’ன்னு சொல்லிக்கினே கேப்பாரு.”

அப்போது காலை பதினொரு மணி. இரண்டு மணிக்கு ஒரு நிமிஷம் முன்பின் நகராத மனுஷன், அஞ்சலையை மாடிக்கு அழைத்துக்கொண்டு போய் மைக்கைப் போட்டார். “இந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர், தியாகதுருகம் பக்கத்துக் கொல்லைக் காவல்காரர் ஏழுமலை. கேட்பவர் அவர் மனைவி அஞ்சலை.” அதற்குமேல் பெயர் இல்லை. நாற்பது பெயரை ஒரே மூச்சில் வாசிக்கிறவருக்கு அந்த இரண்டு பெயருக்கு அவ்வளவு நேரமானது. வயலின் வாசிக்கும்போதெல்லாம் அஞ்சலை அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். விருப்பம் ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து பத்திரிகைப் பெயர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். நான் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்டேன். வந்த புதிதில் ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, சும்மா இரண்டு மணிக்கு மலையடிவாரத்தைப் போட்டேன். “நேயர்களே, இன்று விருப்பம் எதுவும் வரவில்லை. இருந்தாலும் பாட்டு இருக்கிறது” என்றார். நிதானமாக, ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன்.

அந்தப் பாட்டுகள் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. எந்தப் பாட்டு எந்தப் படம் என்று ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அந்த மனுஷன் அந்த வரியைத் திரும்பச் சொல்லக் கூடாது. அதனால் தினமும் ஒன்றரை மணிக்கே, ‘ஏதாவது ஒரு நல்ல பாட்டுண்ணா’ என்று என் பெயரைப் போட்டு அனுப்பிவிடுகிறேன்.